கோயில் வாசலில் ஒட்டிய பாக்கிப் பட்டியலைக் கழற்றுங்கள்: பங்குத்தந்தைக்கும் பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்கு அருட்பணிப் பேரவையினர் அனைவருக்கும்,

புதிய ஆலயத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் 25,000 ரூபாய் கட்டியே தீர வேண்டும் என்று, தவக்காலத்துக்கு முன் நடந்த பேரவைக் கூட்டத்தில் முடிவெடுத்தீர்கள். திருவிழா வரி அதற்குமேல் தனி. பாக்கி வைத்திருப்போரின் பெயரும் தொகையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்றும், பாக்கி தீரும்வரை அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பான ஓலை வாசிக்கப்படாது, திருமுழுக்குச் சான்றிதழ் கிடைக்காது, அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்தின் தேர்தலில் வாக்கும் கிடையாது என்றும் ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவித்தீர்கள். அடுத்த ஞாயிறே பட்டியல் வந்துவிட்டது. உள்ளே நுழைகிறவர்கள் தீர்த்தம் தொட்டுச் சிலுவை அடையாளம் வரையும் இடத்துக்கு நேர் மேலே அதை ஒட்டினீர்கள். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் உயிர்ப்புப் பெருவிழாவும் கடந்து போய்விட்டன. பட்டியல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாதம் பிறந்ததும் புதுத் தாள் மாற்றுகிறீர்கள்.

என் குடும்பத்தின் பெயர் அதில் இல்லை. முழுத் தொகையும் கட்டி ரசீது வாங்கிவிட்டோம். ஆசிரியர் ஓய்வூதியம் வரும் வீட்டுக்கு அது முடிகிற காரியம். ஆகவே, கொடுக்க மனமில்லாதவள் எழுதுகிறாள் என்று யாரும் இந்த மடலை ஒதுக்க வேண்டாம். பேரவைச் செயலரிடம் நேரில் பேசினேன். "கூட்டத்தில் எடுத்த முடிவு டீச்சர், இனி மாற்ற முடியாது" என்றார். தந்தையே, உங்களிடமும் பேசினேன். "கண்டிப்பு இல்லாவிட்டால் இந்த மக்களிடம் காசு பெயராது" என்றீர்கள். இரண்டு பதில்களையும் கேட்ட பிறகுதான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். திருஅவையின் நன்மையைக் குறித்துத் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்கும் மற்ற விசுவாசிகளுக்கும் தெரிவிப்பது விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்று திருஅவைச் சட்டத்தொகுப்பின் 212ஆம் எண் சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்கிறேன்.

புதிய ஆலயம் தேவைதான். ஐப்பசி மழையில் ஓட்டுக்கூரை ஒழுகி, பீடத்துக்குப் பக்கத்தில் வாளி வைப்பதை எத்தனையோ ஆண்டுகளாகப் பார்க்கிறேன். பெருவிழா நாட்களில் பாதிப் பேர் வெளியே மாமரத்தடியில்தான் நிற்கிறோம். திருஅவையின் தேவைகளுக்கு உதவ விசுவாசிகள் கடமைப்பட்டவர்கள் என்று அதே தொகுப்பின் 222ஆம் எண் சொல்வதை மறைக்கல்வி வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிறேன். யாரிடம் எவ்வளவு கேட்கிறீர்கள், எப்படிக் கேட்கிறீர்கள், வாங்கிய பணத்துக்கு என்ன கணக்குச் சொல்கிறீர்கள் என்பதில்தான் உங்களோடு எனக்கு வழக்கு.

பட்டியலில் இருந்த இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரிடமும் கேட்டு, சம்மதம் பெற்ற பிறகே எழுதுகிறேன். பெயர் எழுதவில்லை, பலகையில் எழுதியது போதும்.

முதல் வீட்டுக்காரர் கொத்தனார். நம் முற்றத்தில் சிலுவை நிற்கும் சிற்றாலயமான குருசடிக்கு அடித்தளம் போட்டவர். ஞாயிறு மதியங்களில் ஒரு ரூபாய் கூலி வாங்காமல் கட்டினார். கையாள் வேலைக்கும் தன் தம்பியைத்தான் அழைத்து வந்தார். கேரளத்தில் வேலை செய்தபோது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டபின் அவருக்கு நிலையான வருமானம் இல்லை. உயிர்ப்புப் பெருவிழா கழிந்து மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீடு கருங்கல் பக்கம். அங்கே ஓலை வாசித்துவிட்டார்கள், இங்கே வாசிக்கவில்லை. பழைய திருவிழா வரிகள், ஆலய நிதி எல்லாம் சேர்த்துக் கட்டினால்தான் வாசிப்போம் என்றீர்கள். திருமணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த மகளின் வளையல்களை அடகு வைத்துத்தான் அவர் உங்களிடம் பணம் கொண்டுவந்தார். மறுநாள் ஓலை வாசிக்கப்பட்டது. அவர் பெயருக்கு எதிரே பச்சை மையில் "கட்டிவிட்டார்" என்று எழுதினீர்கள். அவர் குருசடிக்கு வைத்த கல்லுக்கும் குழைத்த சாந்துக்கும் உங்கள் பேரேட்டில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது வீட்டில் இருப்பவர் கணவனை இழந்த பெண். கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. இவர் அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்பு உரித்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். ஆபீஸ் மூடிக் கிடக்கும் நாட்களில் கூலி கிடையாது. சனிக்கிழமை மாலைகளில் கோயிலைப் பெருக்கி, பீடத்துக்குப் பூ வைப்பவர் இவர். எங்கள் அன்பியத்தில் செபமாலை தொடங்கி வைப்பவரும் இவர்தான். பட்டியல் ஒட்டிய நாளிலிருந்து இவர் நம் கோயிலுக்கு வருவதில்லை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி வேறொரு பங்கின் கோயிலுக்குத் திருப்பலிக்குப் போகிறார். நான் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, "தொகை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை டீச்சர். என் மகன் அந்தத் தாளுக்கு முன்னால் நின்று நம் வீட்டுப் பெயரை வாசித்துக்கொண்டிருந்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை" என்றார். அந்தப் பையன் என் வகுப்பு மாணவன். அவனும் மறைக்கல்விக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

தந்தையே, இதை எந்தச் சட்டத்தின்படி செய்தீர்கள்? திருமுழுக்கு, திருமணம் போன்ற அருளடையாளங்களுக்காகத் தகுந்த அதிகாரி வரையறுத்த காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது, வறுமையின் காரணமாக எந்த ஏழையும் அருளடையாளத்தை இழந்துவிடாதபடி எப்போதும் கவனமாக இருக்க வேண்டும் என்று 848ஆம் எண் சொல்கிறது. அடக்கச் சடங்கில் ஆள் பார்க்கக் கூடாது, ஏழைகளுக்குத் தகுந்த அடக்கம் மறுக்கப்படக் கூடாது என்று 1181ஆம் எண் சொல்கிறது. 2018 மார்ச் 7 அன்று பொது மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ், திருப்பலிக்கு விலை கிடையாது, மீட்பு இலவசம், கொடுக்க விரும்புகிறவர் காணிக்கை கொடுக்கலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். 2020 ஜூலையில் குருக்களுக்கான வத்திக்கான் பேராயம் பங்குகளைப் பற்றி வெளியிட்ட அறிவுறுத்தலும், காணிக்கை கொடுப்பவரின் மனச்சான்றுக்கு விடப்பட்ட சுதந்திரமான செயலாக இருக்க வேண்டும், அருளடையாளங்கள் மீது போட்ட வரியாகத் தோன்றவே கூடாது என்கிறது. ஓலையை நிறுத்தி வைத்துப் பணம் வாங்கியதை இவற்றில் எதனோடு பொருத்துவீர்கள்?

அன்பியங்களுக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், மக்களுக்கு ஆர்வமில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் வருந்துகிறீர்கள். ஏன் குறைந்தார்கள் என்பதை எங்கள் அன்பியத்தைக் கொண்டு சொல்கிறேன். முன்பெல்லாம் வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். நற்செய்தி வாசிப்போம். யார் வீட்டில் நோய், எந்தப் பையனுக்கு வேலை வேண்டும், எந்தக் கிழவிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோனது என்று பேசுவோம். கூட்டம் நடக்கும் வீட்டில் கட்டன்காப்பி கொடுப்பார்கள், சில வீடுகளில் மரச்சீனிக் கிழங்கும் அவித்துத் தருவார்கள். இப்போது பொறுப்பாளர் ரசீதுப் புத்தகத்தோடு வருகிறார். நற்செய்தி வாசித்த கையோடு பாக்கி வாசிக்கிறார். கையில் காசில்லாதவர் அந்தக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? சென்ற மாதம் எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பணம் கட்டி முடித்தவர்கள். வராதவர்கள் எல்லாரும் பலகையில் இருப்பவர்கள். இதை ஆர்வக்குறைவு என்று எழுதிக்கொள்வது அநியாயம்.

ஏழைக் கைம்பெண் இரண்டு செப்புக்காசு போட்டதை மறையுரையில் எடுத்துக்காட்டி, "அவளே கொடுத்தாளே, உங்களுக்கு என்ன?" என்று கேட்டீர்கள். மாற்கு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் அந்தப் பகுதிக்கு முந்தைய வரிகளையும் பிந்தைய வரிகளையும் சேர்த்து வாசியுங்கள். கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்கிக்கொண்டு, நீண்ட நேரம் இறைவேண்டல் செய்வதுபோல் நடிக்கும் மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டித்து முடித்ததும்தான் அந்தக் கைம்பெண் வருகிறாள். அவளைக் காட்டிய உடனே, 13ஆம் அதிகாரத் தொடக்கத்தில், கோயிலின் பெரிய கற்களைப் பார்த்து வியந்த சீடரிடம், இங்கே கல்லின்மேல் கல் இராதபடி எல்லாம் இடிக்கப்படும் என்கிறார். அந்தப் பெண்ணிடம் யாரும் தொகை குறிக்கவில்லை. அவள் போடாமல் போயிருந்தால் யாரும் அவள் பெயரைத் தூணில் எழுதியிருக்கவும் மாட்டார்கள். தன் பிழைப்புக்கு வைத்திருந்த எல்லாவற்றையும் போட்டாளே என்று இயேசு சொல்லும்போது அதில் பாராட்டோடு வேதனையும் எனக்குக் கேட்கிறது. அந்தக் காட்சியை வரி வசூலுக்கு ஆதாரமாக்காதீர்கள்.

நம் மக்கள் கொடுக்காதவர்கள் என்று நீங்கள் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. என் அம்மா உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலத்தில் போடுவார். மாதக் கடைசியில் அந்தப் பிடியரிசி கோயிலுக்குப் போகும். அரைப்பட்டினி கிடந்த காலத்திலும் அந்தக் கலம் காலியாக இருந்ததில்லை. விளையில், அதாவது தோட்டத்தில், முதலில் வெட்டிய ஏத்தன் வாழைக்குலை பீடத்தடிக்கு வரும். சக்கை என்ற பலாப்பழம், தேங்காய், கருப்பட்டி, சேவல் எல்லாம் வரும். திருப்பலி முடிந்ததும் முற்றத்தில் ஏலம் நடக்கும். தான் கொண்டுவந்த குலையைத் தானே ஏலத்தில் இரட்டை விலைக்கு எடுத்தவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்போதைய கோயிலுக்குக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் கடல் கொண்டுபோன செய்தி வந்தது. அன்று மாலைக்குள் நம் பங்கு இளைஞர்கள் வாடகை ஜீப்பில் கஞ்சியும் துணியும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்கள். புதுப் புடவையைப் பிரிக்காமலே கொடுத்தனுப்பிய பெண்களை எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் மறுநாள் அல்லவா அது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது நம் விளைகளிலும் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் ஆண்களைக் கடலுக்குப் பறிகொடுத்த வீடுகளுக்கென்று அந்த நிலையிலும் நம் மக்கள் கொடுத்தார்கள். யாரும் தொகை நிர்ணயிக்கவில்லை.

இன்னும் அண்மைக்கு வருகிறேன். நம் பங்கு இளைஞர் ஒருவருக்குச் சிறுநீரகச் சிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டபோது வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒரு பெட்டி வைத்தார்கள். தேவை இவ்வளவு, இதுவரை வந்தது இவ்வளவு, மருத்துவமனைக்குக் கட்டியது இவ்வளவு என்று ஞாயிறுதோறும் வாசித்தார்கள். கேட்டதைவிடக் கூடுதலாகச் சேர்ந்தது. மிச்சத்தை அடுத்த நோயாளிக்கு வைத்திருக்கிறோம் என்று அதையும் சொன்னார்கள். இதே மக்கள்தான், தந்தையே. அந்தக் கொத்தனாரும் அந்தக் கைம்பெண்ணும் அந்தப் பெட்டியில் போட்டவர்கள்.

அந்தப் பெட்டிக்கு வந்த பணம் ஆலய நிதிக்கு வராததற்குக் காரணங்கள் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, எல்லாருக்கும் ஒரே தொகை. வளைகுடாவில் இரண்டு மகன்கள் இருக்கும் மாடிவீட்டுக்கும் 25,000. மழைக்காலம் முழுக்கப் பால்வெட்டு இல்லாமல் முடங்கும் வீட்டுக்கும் 25,000. அந்த மாடிவீட்டுக்காரர் என்னிடமே சொன்னார்: "என் பங்கைக் கட்டிவிட்டேன், இனி யாரும் என்னைக் கேட்க முடியாது." அவரால் எளிதாகப் பத்து மடங்கு கொடுக்க முடியும், கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் கூடும். உங்கள் முடிவு ஏழையிடம் இல்லாததைக் கேட்டது, இருப்பவரிடம் இருப்பதைக் கேட்காமல் விட்டது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது தம்மிடம் உள்ளதற்கு ஏற்பக் கொடுத்தால் போதும் என்கிறார்; மனவருத்தத்தோடோ கட்டாயத்தினாலோ கொடுக்க வேண்டாம் என்கிறார். இரண்டாம் திருமுகம், 8, 9 அதிகாரங்கள். பேரவைக் கூட்டத்தைத் தொடங்கும்முன் அந்த இரண்டு அதிகாரங்களையும் முழுவதுமாக வாசிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அதே 8ஆம் அதிகாரத்தில் பவுல் இன்னொன்றும் செய்கிறார். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்ந்த பெருந்தொகையைக் கையாள்வதில் தம்மீது யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று, சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரைத் தம்முடன் அழைத்துச் செல்கிறார். ஆண்டவர் முன்னிலையில் மட்டுமல்ல, மனிதர் முன்னிலையிலும் நேர்மையாக இருக்க வேண்டும் என்கிறார். திருத்தூதரே கணக்குக்கு ஆள் வைத்துக்கொண்டார். நம் பங்கில் ஆலய நிதிக்கு இதுவரை எவ்வளவு வந்தது என்று பணம் கட்டிய எனக்கே தெரியாது. கட்டாதவர் பெயர் பலகையில் இருக்கிறது. கட்டியவர் பணம் எங்கே இருக்கிறது என்பது பலகையில் இல்லை. கம்பிக்கும் சிமெண்டுக்கும் எவ்வளவு ஆனது, பொறியாளருக்கு எவ்வளவு, தூண்கள் ஆளுயரத்தில் நின்றுபோனது ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சென்ற திருவிழாவில் பந்தலுக்கும் மின்விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் செலவானது ஆலய நிதியிலிருந்தா, திருவிழா வரியிலிருந்தா? ஊரில் இதைப் பற்றி டீக்கடையில் பேசுகிறார்கள். நான் யார் மீதும் பழி சொல்லவில்லை. பொருளாளரின் நேர்மையை நான் அறிவேன், சின்ன வயதிலிருந்தே அவரைத் தெரியும். கணக்கு வாசிக்கப்படாத இடத்தில் நேர்மையானவர் மீதும் சந்தேகம் விழும் என்பதால்தான் கேட்கிறேன்.

விசுவாசிகள் கொடுத்தவற்றைப் பற்றி விசுவாசிகளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று 1287ஆம் எண்ணும், ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று 1267ஆம் எண்ணும் சொல்கின்றன. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்று 537ஆம் எண் சொல்கிறது. நம் நிதிக்குழு கடைசியாக எப்போது கூடியது என்று அதன் உறுப்பினர் ஒருவரிடமே கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. 2024 அக்டோபரில் நிறைவடைந்த உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம், நிதிக்குழுக்கள் உண்மையாகவே செயல்பட வேண்டும், ஆண்டுக் கணக்கறிக்கை தயாரிக்கப்பட வேண்டும், முடிந்தவரை வெளியாரின் தணிக்கையோடு வெளியிடப்பட வேண்டும் என்கிறது. அந்த மாமன்றத்துக்கு ஆயத்தமாக நம் அன்பியங்களிலும் கேள்வித்தாள் கொடுத்து எங்களைப் பேசச் சொன்னீர்கள். பெண்கள் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தோம். அவற்றில் ஒன்றையாவது திரும்ப எங்களிடம் பேசினீர்களா?

நம் குமரி மாவட்டத்துக் கடற்கரை இதை முன்பே பார்த்திருக்கிறது. பிடிபட்ட மீனில் கோயிலுக்குரிய பங்கைப் பிரிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டிருந்த காலத்தில், குத்தகைக்காரர் கரையில் நின்று ஒவ்வொரு கட்டுமரத்திடமும் பிரித்தார். அந்த முறையை எதிர்த்துக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள்தான் குரல் எழுப்பினார்கள். அவர்கள் கோயிலை வெறுத்தவர்கள் அல்லர். கடலுக்குப் போகும்முன் மாதாவை வேண்டிக்கொண்டு வள்ளம் தள்ளியவர்கள். உள்நாட்டில் இருக்கும் நாம் அந்த அனுபவத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாமல், பலகையும் பச்சை மையும் கொண்டு அதே வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.

பணத்தைத் தவிர நீங்கள் மக்களிடம் வேறெதையும் கேட்பதே இல்லை என்பதும் என் குறை. நம் பங்கில் மின்பணியாளர்கள் இருக்கிறார்கள், தச்சர்கள் இருக்கிறார்கள், கட்டடப் பொறியியல் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வங்கியில் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், செவிலியர்கள் இருக்கிறார்கள். கணக்கு எழுத, தணிக்கை பார்க்க, சிமெண்டு விலை விசாரிக்க, முடங்கிக் கிடக்கும் முதியோருக்கு நற்கருணை கொண்டுபோகும்போது உடன் வர இவர்களில் யாரை அழைத்தீர்கள்? பாடகர் குழுவுக்கும் கோயில் பெருக்குவதற்கும் திருவிழா விருந்துக்குக் காய் நறுக்குவதற்கும் பெண்கள் வேண்டும். கட்டுமானக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. இளைஞர்களைத் தேர்பவனியில் தேர் தூக்கும் நாளில் மட்டும் நினைக்கிறீர்கள். முடிவெடுக்கும் இடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், முடிவெடுத்த பிறகு பணம் கேட்டு வரும்போது எப்படி மலர்ந்த முகத்தோடு கொடுப்பார்?

நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் உயிர்விட்ட தேவசகாயம் ஒரு பொதுநிலையினர். மனைவி உள்ளவர், அரண்மனை ஊழியர். 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நம் பங்கிலும் பட்டாசு வெடித்தோம். அரண்மனைப் பதவியையும் உயர்சாதித் தகுதியையும் விட்டுவிட்டு, தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து உண்டவர் அவர். கொடுப்பதைப் பற்றி மறையுரை வைக்க அவர் வாழ்க்கை இருக்கிறது. அடுத்த முறை பாக்கிப் பட்டியலுக்குப் பதிலாக அதைப் பேசுங்கள்.

என் கோரிக்கைகள் இவை. வரும் ஞாயிறன்று, முதல் திருப்பலிக்கு முன்பே அந்தப் பட்டியலைக் கழற்றிவிடுங்கள். இனி எந்தப் பெயரிலும் அது திரும்ப வரக் கூடாது என்று பேரவைத் தீர்மானமாக எழுதுங்கள். பாக்கியைக் காரணம் காட்டி ஓலை, சான்றிதழ், அன்பிய வாக்கு எதையும் நிறுத்தி வைக்கும் முடிவை அன்றே இரத்துசெய்து, பீடத்திலிருந்து அறிவியுங்கள். முடிவை அறிவித்த அதே இடத்திலிருந்து அதன் இரத்தும் அறிவிக்கப்பட வேண்டும்.

குடும்பத்துக்கு 25,000 என்ற தொகையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வீடும் தன்னால் முடிந்ததைத் தானே எழுதி மூடிய உறையில் கொடுக்கும் முறைக்கு மாறுங்கள். வசதியுள்ளவர்களின் வீடுகளுக்குத் தந்தையே நேரில் போய், கூடுதலாகக் கேளுங்கள். அதற்குக் கூச்சப்பட வேண்டாம், நானும் உடன் வருகிறேன். பணமாகக் கொடுக்க முடியாதவர்களின் உழைப்பையும் பொருளையும் பதிவதற்குப் பேரேட்டில் இடம் ஒதுக்குங்கள். அந்தக் கொத்தனார் ஏற்கெனவே செய்த வேலையை அதில் முதலில் எழுதுங்கள். அவரிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அடகில் இருக்கும் வளையல்களை மீட்க வழி செய்யுங்கள். தொகை பெரிதென்று நிதிக்குழு கருதினால் அதற்காக முதல் உறையை நான் தருகிறேன்.

ஆலய நிதி தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை வரவு செலவை, வங்கிக் கணக்கின் இருப்போடு, ஒரு மாதத்துக்குள் அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதன்பின் மாதந்தோறும் முதல் ஞாயிறு வாசியுங்கள். திருவிழாக் கணக்கைத் தனியாக வையுங்கள். இந்த ஆண்டு வாணவேடிக்கையும் கச்சேரியும் வேண்டுமா என்று கொடியேற்றுக்கு முன் அன்பியங்களிடம் கேளுங்கள். நிதிக்குழுவை உடனே கூட்டுங்கள். கட்டுமானக் குழுவில் பெண்களையும் இளைஞர்களையும் சேருங்கள். அன்பியங்களே அவர்களைத் தேர்ந்தெடுக்கட்டும். அன்பியக் கூட்டங்களுக்கு ரசீதுப் புத்தகம் வரக் கூடாது.

கடைசியாக, பங்குத்தந்தையும் பேரவைத் துணைத்தலைவரும் இந்த வாரமே அண்டி ஆபீஸ் வேலை முடிந்து அந்தப் பெண் வீடு திரும்பும் நேரத்தில் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பட்டியலில் அவர் பெயரை எழுதியதற்கு, அவருடைய மகன் கேட்க மன்னிப்புக் கேட்டு, அவர்களைத் திரும்ப நம் கோயிலுக்கு அழைக்க வேண்டும். ரசீதுப் புத்தகம் இல்லாமல் போக வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை அடுத்த பேரவைக் கூட்டம் முடிந்த ஞாயிறு அறிவிப்பில் எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். இந்த மடலின் ஒரு படியை மறைமாவட்ட ஆயர் அவர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த,
பேரவையில் இருக்கும் சிலருக்கு முதல் நற்கருணைப் பாடம் சொல்லிக்கொடுத்த மறைக்கல்வி ஆசிரியை